கோபால்பூர் கடற்கரை யாருக்குச் சொந்தம்?

2024 மார்ச் மாதத்தில் ஒடிசாவின் கோபால்பூர் துறைமுகத்தின் 95 விழுக்காட்டுப் பங்குகளை வாங்குவதாக அதானி குழுமம் அறிவித்தது. ஷபூர்ஜி பல்லோன்ஜி குழுமத்திடமிருந்து 56 விழுக்காடு, ஒரிசா ஸ்டீவ்டோர்ஸ் நிறுவனத்திடமிருந்து 39 விழுக்காடு. துறைமுகத்தின் மொத்த மதிப்பு 3,080 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. வணிகப் பக்கங்களில் அது ஒருநாள் செய்தி, மறுநாள் மறைந்துவிட்டது. சுற்றுலாப் பக்கங்களில் கோபால்பூர் இன்றும் “அமைதியான சிறு கடற்கரை” என்றே வருணிக்கப்படுகிறது. இரண்டு பக்கங்களும் ஒரே கரையைப் பற்றித்தான் பேசுகின்றன. இரண்டிலும் காணாமற்போனவர்கள் அக்கரையில் உழைத்து வாழும் மக்கள்.

கஞ்சம் மாவட்டத்தில், பிரம்மபூர் நகரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள இச்சிற்றூரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி பத்தாயிரத்தை எட்டவில்லை. எனினும், இந்தியக் கடற்கரையின் அரசியலைக் கற்க விரும்பும் தோழருக்கு இதைவிடப் பொருத்தமான பாடநூல் எளிதில் கிடைக்காது. காலனியாட்சி, கூலி ஏற்றுமதி, நிலப்பறிப்பு, புயல், கடலரிப்பு, தனியார்மயம், புலம்பெயர்வு ஆகிய அனைத்தும் சில மைல் மணலுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

துறைமுகம் விடுமுறை ஊரான கதை

இக்கரையின் வரலாறு நெடியது. கிரேக்க நிலவியலாளர் தாலமி குறிப்பிடும் பலௌரா துறை ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரத்தை ஒட்டியதாக இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அதே ஆற்றின் கரையில் ஜௌகடாவில் அசோகரின் கல்வெட்டு நிற்கிறது. கலிங்கப் போரைப் பற்றிய பதின்மூன்றாம் கல்வெட்டு அங்கே பொறிக்கப்படவில்லை. அதற்குப் பதிலாக அதிகாரிகளுக்கான தனி ஆணைகள் உள்ளன. மக்களைக் காரணமின்றிச் சிறையிலிடாதீர்கள், துன்புறுத்தாதீர்கள் என்பது அவற்றின் சாரம். வென்ற மண்ணில் வென்றவன் விடுத்த ஆணை அது. அந்த மண்ணின் மக்களுக்கு இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அந்த ஆணை தேவைப்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் கஞ்சம் நகரே மாவட்டத்தின் தலைமையிடம். 1815இல் கொள்ளைக் காய்ச்சல் அந்நகரை அழித்த பிறகு அதிகாரிகள் அங்கிருந்து அகன்றனர். கோபால்பூர் துறைமுகமாக வளர்ந்தது. கண்ணனின் பெயர் தாங்கிய மீனவச் சிற்றூருக்கு ஆங்கிலேயர் தம் நாட்டுக் கடற்கரை ஊர்களைப்போல் ‘ஆன்-ஸீ’ என்று வாலொன்று ஒட்டினர். 1936 ஏப்ரல் 1 அன்று ஒடிசா தனி மாகாணமாகும்வரை இவ்வூரும் மாவட்டத்தின் பெரும்பகுதியும் சென்னை மாகாணத்துக்குள் இருந்தன. கஞ்சத்தின் வரிப்பணம் கோட்டைக்கு வந்த காலம் அது.

இத்துறையிலிருந்து மனிதர்களே பெருமளவில் கப்பலேறினர். கஞ்சத்திலிருந்தும் அதன் தெற்கேயுள்ள தெலுங்குக் கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் நீராவிக் கப்பல்களில் ரங்கூனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முன்பணம் கொடுத்துக் கடனில் பிணைத்து அழைத்துச் செல்லும் மேஸ்திரி முறையே அந்தப் பயணத்தின் அச்சாணி. ரங்கூன் துறைமுகத்தின் மூட்டைகளையும் அரிசி ஆலைகளின் உமியையும் சுமந்தவர்கள் அவர்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மாவிலிருந்து காடு மலை கடந்து நடந்து வந்த இந்தியர்களில் தமிழர்களைப் போலவே கஞ்சத்தாரும் இருந்தனர். கப்பல் போக்குவரத்து நின்றது, துறைமுகம் ஓய்ந்தது. பண்டகசாலைகளின் இடிந்த சுவர்கள் மணலில் நின்றன. சுற்றுலாப் பயணிகள் இன்று அவற்றின் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள்.

துறைமுகம் சரிந்த இடத்தில் விடுதி நிமிர்ந்தது. 1914இலேயே இத்தாலியர் ஒருவர் இங்கே கடலோர விடுதி கட்டியிருந்தார். பின்னர் அது ஓபராய் குழுமத்தின் கைக்கு வந்து, ‘பாம் பீச்’ என்ற பெயரால் புகழ்பெற்றது. வெள்ளை அதிகாரிகளும் கல்கத்தாச் செல்வர்களும் கோடை கழிக்க வந்தார்கள். அவர்களைக் கடலில் கைபிடித்துக் குளிப்பாட்டியவர்கள் ‘நோலியா’ என்று ஒடியாவில் அழைக்கப்படும் மீனவர்கள். வட பலிஜா, ஜாலாரி முதலிய சமூகங்களைச் சேர்ந்த இவர்களின் வீட்டுமொழி தெலுங்கு. தலைமுறை தலைமுறையாக ஒடிசாவின் மணலில் வாழ்ந்தும், குடியிருக்கும் மனைக்குப் பட்டா இல்லாதோர் இவர்களிடையே ஏராளம். அலையில் அகப்பட்டவனை மீட்பவனுக்குக் கரையில் காலூன்ற உரிமைச் சீட்டு இல்லை.

தாழம்பூ நிலமும் எஃகு ஆலையும்

நம் திணை இலக்கணத்தில் நெய்தலுக்குரிய மரங்களில் ஒன்று தாழை. கஞ்சத்தில் தாழை இலக்கியப் பொருளாக நிற்கவில்லை. சோறு போடும் பயிராக நிற்கிறது. கோபால்பூர், சத்ரபூர் சுற்றுவட்டாரத்தில் வயல் வரப்புகளில் வேலியாக வளரும் தாழையின் பூவிலிருந்து ‘கேவ்டா’ அத்தர் வடிக்கப்படுகிறது. கஞ்சத்தின் தாழம்பூவுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. நெல் பொய்த்த ஆண்டிலும் வரப்பு ஏமாற்றாது என்பதே இதன் பொருளாதாரம்.

1995இல் இந்த நிலத்தின்மீதுதான் டாடா எஃகு ஆலைத் திட்டம் இறங்கியது. மாநில அரசு தன் தொழிற்கட்டமைப்புக் கழகத்தின் மூலம், 1894ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்தைப் பயன்படுத்தி நிலம் கையகப்படுத்தியது. ஊர்கள் திரண்டன. பெண்கள் முன்னணியில் நின்று வழிமறித்தனர். தடியடி, வழக்கு, சிறை ஆகியவை தொடர்ந்தன. ஜௌகடா ஆணை பொறிக்கப்பட்ட மாவட்டத்தில்தான் இவை நடந்தன. இறுதியில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் கைமாறியது. எஃகு ஆலையோ அங்கே வரவேயில்லை. நிறுவனம் தன் பெருந்திட்டத்தைக் கலிங்காநகருக்குக் கொண்டுசென்றது. அங்கே 2006 ஜனவரி 2 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பத்துக்கும் மேற்பட்ட ஆதிவாசிகள் உயிரிழந்தனர். கோபால்பூர் நிலம் பல ஆண்டுகள் வேலிக்குள் கிடந்து, பின்னர் சிறப்புப் பொருளாதார மண்டலமாகவும் தொழிற்பூங்காவாகவும் பெயர் மாறியது. அங்கே எழுந்த ஃபெரோகுரோம் ஆலை, முதலில் வாக்களிக்கப்பட்ட ஆலையின் சிறு துணுக்கே.

ஆலைக்கென்று எடுத்த நிலம் ஆலைக்குப் பயன்படாதபோது அது யாருக்குரியது? 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், ஐந்தாண்டுகள் பயன்படாத நிலத்தை உரியவருக்கோ அரசின் நில வங்கிக்கோ திருப்பவேண்டும் என்கிறது. அந்த ‘அல்லது’ என்னும் இடைச்சொல்லில்தான் வர்க்க அரசியல் ஒளிந்திருக்கிறது. உழவனிடமிருந்து எடுத்தது உழவனுக்குத் திரும்பாமல் வங்கியில் தங்கவும், அங்கிருந்து அடுத்த முதலாளியைச் சேரவும் அச்சொல் வழிசெய்கிறது.

கட்சி ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பணியில் இத்தகைய சொற்களுடன் நாள்தோறும் மல்லுக்கட்ட நேர்கிறது. இடம்பெயர்க்கப்பட்டவர்களுக்குத் தரப்படுவதை ‘மறுவாழ்வு’ என்று எழுதிப் பழகிவிட்டோம். அச்சொல்லில் வாழ்வு இருக்கிறது. அரசாணையில் இருப்பதோ ஒரு மனையும் ஒரு தொகையும். ஆங்கில ஆவணத்தில் ‘பயன்படாத கடலோர நிலம்’ என்று வருவதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதும்போது, வலை உலர்த்தும் இடமும் கருவாடு காயும் மணலும் படகு ஏற்றும் மேடும் ஒரு தொடரில் அழிந்துபோகின்றன. சொல்லை ஏற்பது பல வேளைகளில் உரிமையை விட்டுக்கொடுப்பதன் முதற்படி.

ஆமையும் நாட்டுப்படகும்

ருஷிகுல்யா முகத்துவாரத்தில் ஆலிவ் ரிட்லி கடலாமைகள் கூட்டங்கூட்டமாக முட்டையிட வருகின்றன. 1990களின் நடுப்பகுதியில் அறிவியலாளர்கள் பதிவுசெய்த இந்நிகழ்வு, சில ஆண்டுகளில் பல லட்சம் ஆமைகளைக் கொண்ட உலக வியப்பு. முட்டைகளை நாயிடமிருந்தும் நரியிடமிருந்தும் காப்பவர்களில் உள்ளூர் மீனவ இளைஞர்களே மிகுதி. ஆமைகளுக்காக ஆண்டுதோறும் நவம்பர் 1 முதல் மே 31 வரை ஏழு மாதங்கள் தேவி, தாம்ரா, ருஷிகுல்யா முகத்துவாரங்களை ஒட்டி 20 கிலோமீட்டர் வரை மீன்பிடிக்கத் தடை விதிக்கப்படுகிறது.

ஆமை பிழைக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. மூச்சுக்காக மேலே வரும் ஆமையை மூழ்கடித்துக் கொல்வது பெரும்பாலும் விசைப்படகுகளின் இழுவைமடி. ஆமை தப்பிச்செல்லும் கருவியை அம்மடிகளில் பொருத்தவேண்டும் என்ற விதி ஏட்டில் உறங்குகிறது. தடையின் சுமையோ கரையோரச் சிறு மீனவனின் அடுப்பில் விழுகிறது. ஏழு மாத வருவாய் இழப்பை ஈடுசெய்யாத உதவித்தொகையைக் கொடுத்துவிட்டு, இயற்கையைக் காத்துவிட்டதாக அரசு பெருமை கொள்கிறது. அதே வேளையில் சில மைல்களுக்குள் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புகள் எழுகின்றன; சரக்குக் கப்பல்களின் எண்ணிக்கை பெருகுகிறது. இவற்றுக்கு ஏழு மாதத் தடை கிடையாது. ஆமையின் பெயரால் மீனவனைத் தடுத்து, வளர்ச்சியின் பெயரால் ஆமையையும் மீனவனையும் சேர்த்து ஒதுக்கும் இந்த முரண்பாட்டைச் சூழலியலாளர்கள் மட்டும் பேசினால் போதாது.

கடலரிப்பும் இத்துடன் பிணைந்தது. கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவே கல்லைக் கொட்டித் தடுத்தால் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை தேயும். சென்னைத் துறைமுகத்தின் வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்ட உண்மை இது. கஞ்சம் கரையிலும் பொடம்பேட்டா என்ற மீனவ ஊர் கடலுக்குப் பலியானது. அதன் மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். துறைமுகக் கட்டுமானத்தால் கரையில் என்ன நேர்கிறது என்ற ஆண்டறிக்கை மீனவ ஊர்களுக்கு அவர்கள் மொழியில் கிடைக்கவேண்டும் என்பது மிகையான கோரிக்கையா?

புயலைப் பற்றியும் ஒரு சொல். 2013 அக்டோபர் 12 இரவு ஃபைலின் புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. 1999ஆம் ஆண்டின் பெரும்புயலில் ஒடிசா ஏறத்தாழ 10,000 பேரை இழந்திருந்தது. ஃபைலினுக்கு முன்னர் ஏறக்குறைய 10 லட்சம் மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கியது. புயற்காப்பகங்களும் எச்சரிக்கை அமைப்பும் பொதுப்பணத்தில் உருவானவை. சந்தை இவற்றைக் கட்டித் தந்திருக்காது. உயிரைக் காத்த அரசு, மறுநாள் காலையில் வலையும் படகும் வீடும் இழந்து நின்றவனின் பிழைப்பைக் காக்கும் அளவுக்கு நீளவில்லை என்பதே அந்தச் சாதனையின் எல்லை.

சுருங்கும் 200 மீட்டர்

1991இன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை ஊரகக் கடற்கரையில் உயரலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டுமானங்களைப் பெரிதும் தடுத்தது. ஓட்டைகள் பல இருந்தும் மீனவர் கையில் இருந்த ஒரே கேடயம் அது. 2019 ஜனவரியில் மோடி அரசு வெளியிட்ட புதிய அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரைகளில் இந்த எல்லையை 50 மீட்டராகக் குறைத்தது. மணற்பரப்பில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளையும் அனுமதித்தது.

நெருக்கமாக மக்கள் வாழும் கடலோர ஊர்கள் எவை? பெரும்பாலும் மீனவ ஊர்கள்தாம். உள்ளூர் மக்கள் வீடு கட்டிக்கொள்ளவே இத்தளர்வு என்றார்கள். பட்டா இல்லாதவனுக்கு 50 மீட்டராயினும் 200 மீட்டராயினும் வீடு கட்டும் உரிமை எங்கிருந்து வரும்? பத்திரமும் பணமும் உள்ளவனுக்கே திறந்துவிடப்பட்ட கதவு இது. தற்காலிகம் என்று தொடங்கும் கூடாரம் நிரந்தர வேலியாவதும், வேலிக்குள் நுழைவுக் கட்டணம் முளைப்பதும் இந்தியக் கடற்கரைகள் பலவற்றில் கண்ட அனுபவம்.

தாம்ரா, காட்டுப்பள்ளி, கிருஷ்ணபட்டினம், கங்காவரம், காரைக்கால், கோபால்பூர் எனக் கிழக்குக் கரையின் துறைகள் 2014க்குப் பின் பத்தாண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே குழுமத்திடம் சேர்ந்துள்ளன. துறைமுகம் வேண்டாம் என்பது நமது நிலைப்பாடன்று. வேலைவாய்ப்பைக் காட்டி நம்மை மடக்க நினைப்போர் இதைக் கவனிக்கட்டும். சுமைத் தொழிலாளியும் மீனவனும் எதிரிகளல்லர். கஞ்சத்தில் பல குடும்பங்களில் அண்ணன் ஒன்றும் தம்பி மற்றொன்றுமாக இருப்பவர்கள். பொதுச் சொத்தான கடல்முகத்தை ஒரு குழுமத்தின் ஏகபோகமாக்குவதும், லாபத்தை அதற்கும் அரிப்பின் இழப்பை ஊருக்கும் பகிர்ந்தளிப்பதுமே நாம் எதிர்ப்பவை.

ஓய்வும் ஓர் உரிமையே

சுற்றுலா என்றால் மேட்டுக்குடியின் கேளிக்கை என்று ஒதுக்கிவிடும் மனப்பாங்கு நம் அணிகளிடையே உண்டு. அது சரியன்று. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டமே ஓய்வுக்கான போராட்டந்தான். 1936 ஜூனில் பிரான்சின் தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றி நடத்திய வேலைநிறுத்தங்களின் விளைவாக, மக்கள் முன்னணி அரசு இரண்டு வார சம்பளத்துடன்கூடிய விடுமுறையைச் சட்டமாக்கியது. பாரிஸ் தொழிலாளர் குடும்பங்கள் பல முதன்முதலாகக் கடலைக் கண்டது அந்தக் கோடையில்தான். அதே ஆண்டின் சோவியத் அரசமைப்பு ஓய்வுக்கான உரிமையைத் தனிப் பிரிவாக வகுத்தது. நம் அரசமைப்பின் 43ஆம் பிரிவும் தொழிலாளருக்கு ஓய்வை முழுமையாகத் துய்க்கும் நிலையை ஏற்படுத்த அரசு முயலவேண்டும் என்கிறது.

நடைமுறை என்ன? 1948இன் தொழிற்சாலைச் சட்டம் 240 நாள் பணி முடித்தவருக்கு, உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பள விடுப்பு என்றது. ஒப்பந்தக் கூலிக்கு அந்த 240 நாளை எவர் கணக்கில் எழுதினார்? வங்கி, காப்பீடு, ரயில்வே ஊழியர்களுக்குப் பூரி முதலிய இடங்களில் விடுமுறை இல்லங்கள் உண்டு. அவை சங்கங்களின் போராட்டத்தால் கிடைத்தவை. அமைப்புசாராத் தொழிலாளிக்கு அத்தகைய ஓர் அறைகூட இல்லை.

கஞ்சத்தின் மகன் இதற்குக் கண்கண்ட சான்று. அம்மாவட்டத்திலிருந்து பல லட்சம் பேர் சூரத்தின் விசைத்தறிகளில் உழைக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை. பகல் முறைக்காரன் எழுந்த பாயில் இரவு முறைக்காரன் படுக்கும் கூட்டு அறைகள். 2020 ஏப்ரலில் ஊரடங்கின் நடுவே சம்பளமும் உணவுமின்றி, ஊருக்கு அனுப்பு என்று சூரத் தெருக்களில் இறங்கியவர்களில் ஒடியாத் தறித் தொழிலாளர்களே மிகுதி. தாத்தாவை ரங்கூனுக்கு ஏற்றிய கடற்கரை, பேரனை மேற்குக் கரைக்கு ரயிலேற்றுகிறது. அவன் ஊரின் கடலை ரசிக்க உலகமே வருகிறது. அவனுக்கு மட்டும் விடுப்பு இல்லை. திருப்பூரிலும் சென்னைக் கட்டுமானத் தளங்களிலும் ஒடியா பேசும் தொழிலாளர்களை நாம் காண்கிறோம். அவர்களுள் கஞ்சத்தாரும் உண்டு.

ஆகவே, உழைப்பதற்காகக் கரைக்கு வரும் மீனவனும் இளைப்பாறுவதற்காகக் கரைக்கு வரும் தொழிலாளியும் ஒரே உரிமையின் இரு பங்காளிகள். கடற்கரையை வேலியிட்டால் இருவரும் ஒரே நாளில் வெளியேற்றப்படுவார்கள். இந்த ஒற்றுமையைக் காண்பதுதான் கடலோர அரசியலில் நம் தனித்த பங்களிப்பாக இருக்கமுடியும்.

கோரிக்கைகள்

முதலாவது, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப்போல, மீனவரின் குடியிருப்புக்கும் வலை உலர்த்தும், படகு நிறுத்தும் பொதுவிடங்களுக்கும் சட்டபூர்வ உரிமை தரும் கடலோர மக்கள் உரிமைச் சட்டம் வேண்டும். தெலுங்கு பேசுவோர், வெளியிலிருந்து வந்தோர் என்ற பாகுபாடு அதில் நுழையக்கூடாது.

இரண்டாவது, 1995இல் எடுக்கப்பட்டு உரிய நோக்கத்துக்குப் பயன்படாத நிலத்தின் எதிர்காலத்தைக் கிராம சபைகள் முடிவுசெய்யவேண்டும்.

மூன்றாவது, துறைமுகத்தால் நேரும் கரையரிப்பைச் சுதந்திரமான வல்லுநர்கள் அளந்து பொதுவில் வைக்கவேண்டும். சீரமைப்புச் செலவைத் துறைமுக உரிமையாளர் ஏற்கவேண்டும்.

நான்காவது, ஆமைக் காலத் தடையின்போது சிறு மீனவருக்குக் குறைந்தபட்சக் கூலிக்கு நிகரான மாத உதவி வேண்டும். விசைப்படகுகளின்மீது விதிகள் உண்மையில் செயற்படவேண்டும்.

ஐந்தாவது, விடுதிகளில் பருவத்துக்குப் பருவம் எடுத்து விலக்கப்படும் சமையற்காரர், துப்புரவாளர், அறைப் பணியாளர் ஆகியோருக்குச் சங்கமும், வைப்புநிதியும், அரசு ஈட்டுறுதியும் வேண்டும். சங்கப் பொறுப்பாளர்கள் இத்துறையைச் சில்லறை வேலை என்று கருதி விலகி நிற்பது இனியும் தகாது.

ஆறாவது, தொழிலாளர் நல வாரியங்களின் நிதியில், அமைப்புசாராத் தொழிலாளர் குடும்பங்கள் எளிய கட்டணத்தில் தங்கும் ஓய்வில்லங்கள் கடலோர ஊர்களில் கட்டப்படவேண்டும். மணற்பரப்பு எங்கும், எவருக்கும், எக்காலத்தும் கட்டணமின்றித் திறந்திருக்கவேண்டும்.

கோபால்பூரில் சொன்னவை காசிமேட்டுக்கும் கன்னியாகுமரிக்கும் பொருந்தாதவையல்ல. கோபால்பூரை அடுத்த சத்ரபூரில் கடல்மணலிலிருந்து கனிமம் எடுக்கும் அதே பொதுத்துறை நிறுவனந்தான் நம் மணவாளக்குறிச்சியிலும் இயங்குகிறது. ஆனால் இந்த ஒப்புமை தானாகவே இயக்கமாகிவிடாது. திருப்பூரின் ஒடியாத் தொழிலாளியிடம் சங்க உறுப்பினர் சீட்டை நீட்டும் தோழர், அவன் ஊரைப் பற்றியும் ஒரு சொல் கேட்கட்டும். அவனுடைய நிலத்துக்கு என்ன நேர்ந்தது, அவன் வீட்டுக்குப் பட்டா உண்டா, அவன் கடைசியாக எப்போது விடுப்பில் ஊர் சென்றான் என்று கேட்கட்டும். அந்த உரையாடலிலிருந்து தொடங்கும் சங்கமே நிலைத்து நிற்கும்.